கத்திரி வெயிலில் அப்துல்லாபுரம்: வீட்டுச் சிமுலேட்டரில் ஒரு விமானம் எப்போது நிஜமாகப் பறக்கிறது?

போன மே மாதம் அக்கா மகன் வாலாஜாவிலிருந்து வந்திருந்தான். பொறியியல் இரண்டாம் ஆண்டு. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியறையில், விமானம் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் நிரலோடு என் கம்ப்யூட்டர் இருக்கிறது. வந்ததும் வராததுமாக, தான் புதிதாக வாங்கியிருந்த ஒரு ஆட்-ஆன் விமானத்தை, அதாவது சிமுலேட்டரில் தனியாகச் சேர்க்கும் விமானத்தை, அதில் ஏற்றிக் காட்டினான். நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172. ஒற்றை இன்ஜின், மேலே இறக்கை, உலகம் முழுக்க ஏராளமான பைலட்டுகள் ஓட்டப் பழகுகிற வகை.

"மாமா, இங்க பாருங்க. ஸ்க்ரூ தலைகூடத் தெரியுது."

தெரிந்தது. சீட் தையல், கண்ணாடி மேல் படிந்த தூசி, மீட்டரின் கண்ணாடியில் விழும் ஜன்னல் வெளிச்சம், எல்லாம் அப்படியே இருந்தது. சரி, வெப்பநிலையை 40 டிகிரி ஆக்கு, நாலு பேரையும் ஏற்று, டேங்கை நிரப்பு, அப்துல்லாபுரத்திலிருந்து கிளம்பு என்றேன். வேலூருக்கு மேற்கே, பெங்களூரு ரோட்டை ஒட்டி இருக்கும் நம்ம ஊர் விமான தளம் அது. சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்த்துச் சிறிய விமானங்களுக்காகச் சீரமைக்க எடுத்த இடம். பழைய ரன்வே ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

கிளம்பினான். 200 மீட்டர் போவதற்குள் விமானம் தரையை விட்டு எழுந்துவிட்டது. அவனுக்குச் சந்தோஷம். நான் செஸ்னா 172எஸ் கையேட்டை எடுத்து டேக்-ஆஃப் அட்டவணையைப் பிரித்துக் காட்டினேன். முழு எடையில், கடல் மட்டத்தில், 20 டிகிரியில் சக்கரம் தரையில் ஓடும் தூரம் சுமார் 300 மீட்டர். வேலூர் உயரத்தில், 40 டிகிரியில் அது ஏறத்தாழ 375 மீட்டர். 50 அடி உயர மரம் ஒன்றைத் தாண்ட வேண்டுமென்றால் மொத்தம் 640 மீட்டருக்குப் பக்கம் வேண்டும். அவன் வாங்கிய விமானம் கையேடு சொல்வதில் பாதியிலேயே எழும்பியது. பார்க்க நிஜமாக இருந்ததே தவிர, பறக்கும்போது அது செஸ்னா 172 இல்லை.

இந்தக் கட்டுரை அந்த வித்தியாசத்தைப் பற்றியது. வீட்டுச் சிமுலேட்டரில் காசு கொடுத்தோ இலவசமாகவோ விமானம் சேர்க்கிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஒரு விமானம் தன் உண்மையான அண்ணனைப் போல நடந்துகொள்கிறதா என்பதைப் படம் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு கையேடும், போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச்சும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில் அந்த வெயில் கணக்கை முடித்துவிடலாம். விமானத்துக்கு உயரம் என்பது தரையிலிருந்து எவ்வளவு மேலே என்பது மட்டும் இல்லை, காற்று எவ்வளவு அடர்த்தி என்பதும்தான். சர்வதேசக் கணக்கில் கடல் மட்டத்தில் வெப்பநிலை 15 டிகிரி, ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 2 டிகிரி குறையும். வேலூர் சுமார் 220 மீட்டர், அதாவது 720 அடி உயரத்தில் இருக்கிறது. கணக்குப்படி இங்கே பதின்மூன்றரை டிகிரி இருக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் 42 இருக்கிறது. அதிகமாக இருக்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடியைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது பைலட்டுகள் கையில் வைத்திருக்கும் கணக்கு. இருபத்தெட்டரை டிகிரிக்கு 3,420 அடி. ஊர் உயரத்தையும் சேர்த்தால் 4,100 அடிக்கு மேல், கிட்டத்தட்ட 1,250 மீட்டர். ஏலகிரி மலை ஊர்கள் ஆயிரத்துச் சொச்சம் மீட்டரில் இருக்கின்றன. அதாவது கத்திரி வெயில் மத்தியானத்தில் அப்துல்லாபுரத்தில் நிற்கிற விமானத்துக்கு, தான் ஏலகிரிக்கும் மேலே நிற்பதாகத்தான் தெரியும்.

காற்று மெலிந்தால் மூன்று பக்கமும் அடி விழும். இறக்கைக்கு அதே தூக்குவிசை கிடைக்க இன்னும் வேகமாக ஓட வேண்டும். புரொப்பெல்லர் கடித்து இழுக்க அவ்வளவு காற்று இல்லை. இன்ஜினுக்குள் போகும் காற்றும் குறைவு, அதனால் குதிரைசக்தியும் குறைகிறது. நல்ல சிமுலேட்டர் விமானத்தில் இந்த மூன்றும் தனித்தனியாகக் கணக்கில் வரும். என் அக்கா மகன் வாங்கியதில் இன்ஜின் சக்தியை யாரோ தாராளமாக ஏற்றி வைத்திருந்தார்கள். புதிதாக ஓட்டுகிறவர் சிரமப்படக்கூடாது என்று நினைத்திருக்கலாம். ஆனால் வேலூர் வெயிலில் சிரமப்பட வேண்டிய விமானம் அது. அந்தச் சிரமம்தான் அங்கே கற்றுக்கொள்ள வேண்டிய பாடமே.

இனி, இந்தக் கணக்கைச் சிமுலேட்டர் எப்படிப் போடுகிறது என்பதைப் பார்க்கலாம். இதில் இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்து வாய்ப்பாட்டை நினைத்துக்கொண்டால் புரிந்துவிடும். ஒரு பையன் பதினாறாம் வாய்ப்பாடு வரை மனப்பாடம். கேட்ட உடனே பிசகாமல் சொல்வான். 17 பெருக்கல் 18 என்று கேட்டால் முழிப்பான். இன்னொரு பையன் வாய்ப்பாடு படிக்கவில்லை, ஆனால் எதைக் கேட்டாலும் தாளில் போட்டு விடை சொல்வான். சில சமயம் ஒன்றிரண்டு தப்பும்.

முதல் பையன்தான் பழைய மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வரிசை. புரூஸ் ஆர்ட்விக் எழுதிய நிரலிலிருந்து வளர்ந்து, 1982-ல் ஐபிஎம் பிசிக்கு வந்து, 2006-ல் எஃப்எஸ்எக்ஸ் என்ற பதிப்பு வரை போன வரிசை அது. அங்கே விமானம் முழுவதும் ஒரே புள்ளி மாதிரி. இத்தனை கோணத்தில் காற்றைச் சந்தித்தால் இத்தனை தூக்குவிசை, சுக்கானை இத்தனை திருப்பினால் மூக்கு இவ்வளவு திரும்பும் என்று எண்கள் அட்டவணையில் இருக்கும். காற்றுச்சுரங்கத்திலோ நிஜப் பறத்தலிலோ அளந்த எண்கள் கையில் இருந்தால் இந்த வழி ரொம்பவும் துல்லியமானது. விமான கம்பெனிகள் பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பல கோடி ரூபாய் சிமுலேட்டர்களும் அடிப்படையில் தயாரிப்பாளரிடம் வாங்கும் இப்படிப்பட்ட அட்டவணைகளைத்தான் நம்பி இருக்கின்றன. அட்டவணை முடிகிற இடத்தில் அந்த விமானத்துக்கு அறிவும் முடிந்துவிடும், அவ்வளவுதான் குறை.

இரண்டாவது பையன் எக்ஸ்-பிளேன். 1990-களின் நடுவில் ஆஸ்டின் மேயர் என்ற அமெரிக்கர் எழுதத் தொடங்கியது. இறக்கை, வால், புரொப்பெல்லர் என்று எல்லாவற்றையும் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் காற்று எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் தொடுகிறது என்று வினாடிக்குப் பல தடவை கணக்குப் போட்டு, கடைசியில் எல்லாவற்றையும் கூட்டும். கப்பல் புரொப்பெல்லருக்காக வில்லியம் ஃப்ரூட் 1878-ல் முன்வைத்த யோசனைதான் இதற்கு மூலம். இந்த முறையில் ஒரு இறக்கை மட்டும் முதலில் ஸ்டால் ஆவது (தூக்குவிசையை இழப்பது), புரொப்பெல்லர் தள்ளும் காற்று வாலின் ஒரு பக்கத்தில் மட்டும் படுவது எல்லாம் தானாக வந்துவிடும். ஆனால் விடை கையேட்டோடு அச்சாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆட்-ஆன் செய்கிறவர்கள் அப்புறம் கையால் திருத்துகிறார்கள்.

பிரான்சில் போர்டோ நகரத்து அசோபோ நிறுவனம் செய்த 2020-ம் வருடத்து மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர், ஒரு புள்ளிக் கணக்கை விட்டு, விமானத்தின் மேல்பரப்பை ஆயிரத்துக்கு மேற்பட்ட சின்னப் பரப்புகளாகப் பிரித்துக் கணக்குப் போடும் வழிக்கு மாறியது. இங்கேதான் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அதே சிமுலேட்டர் பழைய கணக்கு முறையையும் உள்ளே வைத்திருக்கிறது. எஃப்எஸ்எக்ஸ் காலத்து விமானத்தைக் கொண்டுவந்து, வெளியே புது வண்ணம் பூசி, உள்ளே பழைய கணக்கோடு ஓட விடலாம். வெளித்தோற்றத்தில் எதுவும் தெரியாது. "நவீனக் கணக்கு முறையில் செய்ததா?" என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

இன்னொரு சிமுலேட்டரையும் சொல்ல வேண்டும், அதுவும் மாணவர்களுக்காகவே. ஃப்ளைட்கியர் முழுக்க இலவசம், 1990-களின் இரண்டாம் பாதியிலிருந்து தன்னார்வலர்கள் வளர்ப்பது. அதற்குள் ஓடும் ஜேஎஸ்பிசிம் என்ற கணக்கு இயந்திரம் வாய்ப்பாட்டு வகைதான். ஆனால் ஒவ்வொரு விமானத்தின் அட்டவணையும் எழுத்து ஃபைலாகத் திறந்தே கிடக்கிறது. இறக்கைப் பரப்பு எவ்வளவு, இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் தகட்டைப் பத்து டிகிரி இறக்கினால் தூக்குவிசை எவ்வளவு கூடும் என்று வரி வரியாகப் படிக்கலாம். ஒரு எண்ணை மாற்றி, திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். அக்கா மகன் அன்றைக்கு ராத்திரி அந்த ஃபைலைத் திறந்தவன், சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. வகுப்பில் மார்க்குக்காகப் படித்த குணகங்கள் ஒரு விமானத்தின் மூக்கை நிமிர்த்துவதை அங்கேதான் அவன் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தான்.

ஸ்டாலுக்கு வருவோம். ஆட்-ஆன் விமானங்கள் அதிகமாகத் தோற்கும் இடம் இதுதான். மூக்கை நிமிர்த்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் காற்று இறக்கையின் மேல்பரப்பை விட்டு விலகும், தூக்குவிசை சரியும். நிஜத்தில் அது ஒழுங்காக நடப்பதில்லை. முதலில் ஒரு நடுக்கம், அப்புறம் ஒரு பக்க இறக்கை கொஞ்சம் முந்திக்கொண்டு விழும். அந்த நேரத்தில் ரட்டர் (வாலில் இருக்கும் சுக்கான்) தவறாக இருந்தால் சுழல ஆரம்பிக்கும். இதை அட்டவணையில் அடைப்பது கஷ்டம், ஏனென்றால் அளப்பதே கஷ்டம். 2009-ல் அமெரிக்காவில் கோல்கன் ஏர் விமானமும், அட்லாண்டிக்கின் மேல் ஏர் பிரான்ஸ் 447-ம் ஸ்டாலில் மாட்டி விழுந்த பிறகுதான், பயிற்சிச் சிமுலேட்டர்களிலேயே முழு ஸ்டால் சரியாக இல்லை என்ற விஷயம் பெரிதாகப் பேசப்பட்டது. ஸ்டால் பயிற்சி கொடுக்கும் சிமுலேட்டர்கள் அதற்கேற்ற கணக்கோடு இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் 2019-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அப்படி இருக்கும்போது, வீட்டு விமானம் ஸ்டாலில் பொம்மை மாதிரி நேராக உட்கார்ந்து இறங்கினால் அதைச் செய்தவரைத் திட்டத் தோன்றவில்லை. ஆனால் அதைச் சரியாகச் செய்தவரைக் கட்டாயம் பாராட்டத் தோன்றுகிறது.

இன்னொரு சோதனை, டேக்-ஆஃப் ஓட்டத்திலேயே செய்யலாம். அதற்கு முன் செட்டிங்கில் இருக்கும் உதவிகளை எல்லாம் அணைத்துவிட வேண்டும். தானியங்கி ரட்டர் ஓடிக்கொண்டிருந்தால் எந்த விமானமும் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். அணைத்த பின் செஸ்னாவில் முழு சக்தி கொடுங்கள். மூக்கு இடது பக்கம் இழுக்க வேண்டும். புரொப்பெல்லர், பைலட் பார்வையில் வலப்பக்கமாகச் சுற்றுகிறது. அதன் எதிர்வினை இடது சக்கரத்தை அழுத்தும். சுழன்று வரும் காற்று வாலின் இடப்பக்கத்தில் மோதும். மூக்கு நிமிர்ந்ததும், கீழே இறங்கும் வலது பக்கத் தகடு அதிகக் காற்றைக் கடித்து இன்னும் இடப்பக்கம் தள்ளும். வலது கால் ரட்டர் பெடலை அழுத்தாமல் செஸ்னா நேராக ஓடக்கூடாது. நேராக ஓடினால் யாரோ அதைச் சுலபமாக்கி இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அரக்கோணம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது எளிது. பழைய வட ஆர்க்காட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து 2017 வரை டியூ-142 என்ற ராட்சத ரஷ்ய விமானங்கள் பறந்தன. நான்கு இன்ஜின், ஆனால் எட்டு புரொப்பெல்லர். ஒவ்வொரு இன்ஜினிலும் இரண்டு, ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் சுற்றும். ஒன்று முறுக்குவதை இன்னொன்று அவிழ்த்துவிடும். அந்த உறுமல் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள், செஸ்னாவின் இடப்பக்க இழுப்புக்கு மாற்று மருந்து என்ன என்பதைத் தினமும் தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

எனக்கு ரொம்பவும் பிடித்த சோதனை ஊஞ்சல் சோதனை. சமமான உயரத்தில் 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் டிரிம் செய்துவிட்டு, கையை எடுத்தாலும் நேராகப் போகும்படி வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மெதுவாக மூக்கைத் தூக்கி வேகத்தை 90 ஆக்கி, ஸ்டிக்கை நடுவுக்கு விட்டுவிட வேண்டும். நிஜ விமானம் உடனே அடங்காது. மூக்கு தாழும், வேகம் 100-ஐத் தாண்டும். தாண்டிய வேகம் மூக்கைத் திரும்பத் தூக்கும், வேகம் குறையும், மறுபடி தாழும். கோயில் ஊஞ்சல் மாதிரி நிதானமாக ஏறி இறங்கி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் இதை விளக்கிய நூல் 1908-ல் வந்தது. அவர் கணக்கில் ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரம், வேகத்தை மீட்டர் வினாடியில் எடுத்து 0.45 ஆல் பெருக்கினால் கிடைக்கும். 100 நாட் என்பது வினாடிக்கு 51 மீட்டர், எனவே சுமார் 23 வினாடி. நிஜ விமானத்தில் கொஞ்சம் முன்பின் இருக்கும். 20-க்கும் 30-க்கும் நடுவே வந்தால் நம்பலாம். அக்கா மகனின் விமானம் ஒரே ஆட்டத்தில், தண்டவாளத்தில் ஏற்றிவிட்ட மாதிரி நின்றுவிட்டது. ஃப்ளைட்கியரில் வரும் இலவச செஸ்னாவில் அவனே எண்ணினான், 26 வினாடி.

இன்ஜினை நிறுத்திச் சறுக்கிப் பார்ப்பதும் இதே வகை. செஸ்னா 172எஸ் 68 நாட் வேகத்தில், காற்று இல்லாதபோது, ஆயிரம் அடி உயரத்துக்கு ஒன்றரை கடல் மைல் போகும் என்கிறது கையேடு. 3,000 அடியில் கோட்டைக்கு மேலே இன்ஜினை அணைத்தால் எட்டு கிலோமீட்டருக்கு மேல் சறுக்கலாம். காட்பாடி ஜங்ஷனைத் தாண்டி ஒரு வயலைத் தேட நேரம் இருக்கும். பாலாற்றைத் தாண்டுவதற்கு முன்பே தரை வந்தாலும் தப்பு, திருவலம் வரை மிதந்து போனாலும் தப்பு.

ஜாய்ஸ்டிக் விஷயம் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியது. விமானத்தின் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், அது நம் கைக்கு வந்து சேர்வது ஒரு ஸ்பிரிங் வழியாகத்தான். நிஜ செஸ்னாவில் பைலட் பிடிக்கும் கைப்பிடியான யோக்கிலிருந்து வாலுக்குக் கம்பி போகிறது. வேகம் கூடினால் யோக் கனக்கும், ஸ்டாலுக்குப் பக்கத்தில் தளர்ந்து போகும். அந்தக் கனமே பைலட்டுக்கு ஒரு மீட்டர். டிரிம் செய்வது என்றால், யோக்கைப் பிடித்திருக்கும் இடத்திலேயே பிடித்துக்கொண்டு, டிரிம் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கையிலிருக்கும் கனத்தை இறக்கி வைப்பது. வீட்டு ஜாய்ஸ்டிக்கில் கனம் எப்போதும் ஸ்பிரிங்குடையது, நடு எப்போதும் ஒரே இடம். டிரிம் செய்யும்போது ஸ்டிக்கையும் கூடவே நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. நிஜத்தில் ஒரு வேலை, இங்கே இரண்டு. செஸ்னாவை வீட்டில் டிரிம் செய்யத் திணறுகிறவர்கள் தங்களை நொந்துகொள்ள வேண்டாம். அந்தத் திணறலில் பாதி ஸ்பிரிங்குடையது.

இப்போது ஏர்பஸ் ஏ320-ஐப் பாருங்கள். 1988-ல் பயணிகள் சேவைக்கு வந்தபோதே அதன் பக்கவாட்டு ஸ்டிக்கில் வாலின் கனம் தெரியாது. உள்ளே வெறும் ஸ்பிரிங்தான். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் வால் இத்தனை அசைய வேண்டும் என்று பைலட் சொல்லவில்லை, இத்தனை ஜி (புவியீர்ப்பைப் போல இத்தனை மடங்கு) விசை வேண்டும் என்று கேட்கிறார். மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும், டிரிம்மையும் அதுவே செய்யும். பக்கவாட்டில் 33 டிகிரிக்குள் சாய்த்து ஸ்டிக்கை விட்டால் அப்படியே நிற்கும். அதைத் தாண்டிச் சாய்த்து விட்டால் தானே 33-க்குத் திரும்பும். எவ்வளவு தள்ளினாலும் 67-க்கு மேல் விடாது. சாதாரண விலையில் வாங்கும் வீட்டு ஜாய்ஸ்டிக்கே இதற்குப் போதும். சின்ன விமானம் சுலபம், பெரிய விமானம் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வீட்டில், கையில் வரும் உணர்வைப் பொறுத்தவரை, அது தலைகீழ். ஒரு நல்ல ஏ320 ஆட்-ஆன், ஒரு நல்ல செஸ்னாவைவிட நிஜத்துக்கு நெருக்கமாகப் போக முடியும்.

ஆனால் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் அந்த விதிகளை ஆட்-ஆன் செய்தவர் ஒழுங்காக எழுதியிருக்க வேண்டும். அதைப் பார்க்கும் இடம் தரையிறங்கும் கடைசி சில வினாடிகள். மீனம்பாக்கத்தில் 07 ரன்வேக்கு இறங்குகிறீர்கள். 50 அடியில் கம்ப்யூட்டர் அப்போதிருக்கும் மூக்கின் கோணத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். 30 அடியில், கேட்காமலே மூக்கை மெல்லக் கீழே விடத் தொடங்கும், எட்டு வினாடியில் 2 டிகிரி கீழ்நோக்கும் அளவுக்கு. எதற்காக என்றால், பைலட் எல்லா விமானத்திலும் செய்வது போல ஸ்டிக்கை இழுத்து இறக்க வேண்டும் என்பதற்காக. இழுக்காவிட்டால் மூக்கு தாழும். 20 அடியில் "ரிடார்ட்", அதாவது இன்ஜின் சக்தியைக் குறை, என்று குரல் வரும். அரைகுறை ஏ320-ல் ஸ்டிக்கைத் தொடாமல் இருந்தாலும் விமானம் அதே கோணத்தில் மிதந்து போய் உட்காரும். சரியான ஏ320-ல் அந்த 30 அடியில் மூக்கு கையை விட்டு நழுவுவது தெரியும். இரண்டே வினாடி. ஆனால் செய்தவர் கையேட்டைப் படித்தாரா இல்லையா என்பது அங்கே தெரிந்துவிடும். ஃப்ளைபைவயர் என்ற தன்னார்வலர் குழு 2020 முதல் இலவசமாகக் கொடுத்துவரும் ஏ32என்எக்ஸ் இதை எல்லாம் அக்கறையோடு எழுதியிருக்கிறது. இலவசம் என்பதால் மட்டம் என்ற எண்ணத்தை அதை ஓட்டிப் பார்த்த பிறகு விட்டுவிடலாம். எக்ஸ்-பிளேனில் இலவசமாகக் கிடைக்கும் ஜிபோ 737-ம் அப்படித்தான்.

737 என்றால் ராஜாளியைத் திரும்பச் சொல்ல வேண்டும். டியூ-142 போன இடத்தில் இன்று இருக்கும் பி-8ஐ என்ற கடற்படை விமானம், 737-800-ஐ அடிப்படையாக வைத்துச் செய்தது. 2013-ல் இருந்து அரக்கோணத்தில் இறங்கி ஏறுகிறது. தக்கோலம் பக்கத்தில் நின்று அது சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு, வீட்டில் பிஎம்டிஜி என்ற ஆட்-ஆன் நிறுவனத்தின் 737-ல் அதே மாதிரி சுற்றிப் பார்ப்பது எனக்கு ஒரு சந்தோஷம். 737 ஏர்பஸ் மாதிரி இல்லை. டிரிம் சக்கரம் பைலட்டின் முழங்கால் பக்கத்தில் சத்தத்தோடு சுழலும். இன்ஜின்கள் இறக்கைக்குக் கீழே தொங்குவதால், சக்தியைக் கூட்டினால் மூக்கு மேலே போகும், குறைத்தால் தாழும். இந்த ஒன்றைச் சோதித்தாலே போதும். சக்தியைக் கூட்டி மூக்கு அசையவில்லை என்றால், மேலே எத்தனை நூறு பொத்தான் வேலை செய்தாலும் அது 737 இல்லை. பொத்தான்களின் ஆழமும் பறத்தலின் ஆழமும் தனித்தனி வேலைகள். பெரும்பாலும் தனித்தனி ஆட்கள் செய்வது. ஒன்று நன்றாக இருந்தால் மற்றதும் நன்றாக இருக்கும் என்று நம்பிவிடக்கூடாது.

தரையில் ஓட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாச் சிமுலேட்டரிலும் டயர் கொஞ்சம் தகராறுதான். பக்கக் காற்றில் ஒன்று வழுக்கும், இல்லையென்றால் ஒட்டிக்கொள்ளும்.

உடம்பு உணரும் விஷயம் ஒன்று உண்டு, அதை எந்த ஆட்-ஆனும் கொடுக்காது. விமானம் பக்கவாட்டில் சறுக்கினால் நிஜத்தில் இடுப்பு முதலில் சொல்லும். வீட்டில், மீட்டருக்குள் இருக்கும் சின்னக் குண்டு நடுவை விட்டு நகர்வதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஒற்றைத் திரையில் தரை எவ்வளவு பக்கம் என்பதும் சரியாகத் தெரியாது, அதனால்தான் பலர் பத்தடி உயரத்திலேயே மூக்கை நிமிர்த்தி, அப்புறம் தடால் என்று விழுகிறார்கள். வீட்டில் நன்றாக இறக்கியவர் நிஜத்தில் அப்படியே இறக்குவார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேக எண்கள், வரிசைகள், வெயிலில் ரன்வே போதுமா என்ற கணக்கு, இவை எல்லாம் வீட்டிலிருந்து அப்படியே நிஜத்துக்குப் போகும். விமானம் பொய் சொல்லாமல் இருந்தால்தான் அவை போகும். பொய் சொல்லும் விமானத்தில் பழகியவர் 200 மீட்டரில் எழும்பலாம் என்ற நம்பிக்கையைக் கையோடு கொண்டுபோவார்.

சரி, புதிதாக ஆரம்பிக்கிறவர் என்ன செய்யலாம்? சிமுலேட்டரோடு வரும் செஸ்னாவையே ஒரு மாதம் ஓட்டுங்கள். உதவிகளை அணைத்து வைத்து, கையேட்டை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நோட்டில் எண்களை எழுதுங்கள். எழும்பிய தூரம், ஏறும் வேகம், ஸ்டால் வேகம், சறுக்கிய தூரம், ஊஞ்சல் நேரம். அப்புறம் காசு கொடுத்து வாங்கும் எந்த விமானத்தையும் அந்த நோட்டை வைத்தே அளக்கலாம். சின்ன விமானத்தில் ஆழம் வேண்டும் என்றால், ஏ2ஏ நிறுவனத்தின் கோமாஞ்சி போல, சிமுலேட்டரின் கணக்கை நம்பாமல் தன் சொந்தக் கணக்கைத் தனியாக ஓட்டும் விமானங்களும் இருக்கின்றன. ஜாய்ஸ்டிக் வாங்கும்போது பாட்டு போடும் பொத்தான்களைப் பார்க்காமல், முறுக்கினால் ரட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பெடல் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

அக்கா மகன் அந்த விமானத்தை அழிக்கவில்லை. அதன் இன்ஜின் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, கையேட்டில் இருக்கும் 180 குதிரைசக்திக்கு இறக்கினான். அடுத்த நாள் மத்தியானம் வெளியே அனல் பறந்துகொண்டிருந்தபோது, ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்ப அப்துல்லாபுரத்தில் நிறுத்தினான். 40 டிகிரி, நான்கு பேர், முழு டேங்க். 200 மீட்டர் தாண்டியது, 300 தாண்டியது. 360-ல் சக்கரம் தரையை விட்டது. ரன்வே முடியும்போது எதிரே இருந்த மரங்கள் திரையில் ரொம்பவும் பக்கத்தில் வந்தன. அவன் வலது காலை இறுக்கி அழுத்தியிருந்தான்.

"மாமா, இப்பதான் பயமா இருக்கு," என்றான்.